ஒரே கேள்வி, இரண்டு சரியான விடைகள்: பொது அறிவு வினாக்கள் இடறும் இடம் எது?

2024 ஜூன் 4 அன்று நீட் தேர்வு முடிவுகள் வெளியானபோது, 67 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். ஜூலை மாத இறுதியில் அந்தப் பட்டியலில் எஞ்சியவர்கள் 17 பேர். இடையில் வினாத்தாள் கசிவுப் புகார், கருணை மதிப்பெண், மறுதேர்வு என்று எத்தனையோ நடந்தன. ஆனால் முழு மதிப்பெண் பட்டியலிலிருந்து 44 பேரை இறக்கியது ஒரே ஓர் இயற்பியல் கேள்வி.

அந்தக் கேள்வியில் இரண்டு கூற்றுகள். அணுக்களில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக இருப்பதால் அவை மின்நடுநிலை கொண்டவை என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன என்பது இரண்டாவது. முதல் கூற்றில் யாருக்கும் ஐயமில்லை. சிக்கல் இரண்டாவதில். ரேடியம், யுரேனியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் தாமாகவே சிதைபவை. அவற்றை நிலையானவை என்று சொல்ல முடியாது. ஆகவே கூற்று தவறு. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பு இதே வாக்கியத்தை 'ஒவ்வொரு தனிமத்தின்' என்றுதான் எழுதியிருந்தது. புதிய பதிப்பில் அது 'பெரும்பாலான தனிமங்களின்' என்று திருத்தப்பட்டிருந்தது.

அண்ணன், அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துப் படித்த மாணவர் இரண்டு கூற்றுகளும் சரி என்று எழுதினார். புதிய புத்தகம் வாங்கியவர் முதல் கூற்று மட்டும் சரி என்று எழுதினார். தேசிய தேர்வு முகமை இரு தரப்புக்கும் மதிப்பெண் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி.யிடம் மூன்று வல்லுநர்கள் கொண்ட குழு அமைத்துக் கருத்துக் கேட்டது. ஒரே விடைதான் சரி, அது புதிய புத்தகத்தின் விடை என்று குழு சொன்னது. அதன்படி பட்டியல் திருத்தப்பட்டது. மற்ற விடையை எழுதியிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் இழந்தார்கள்: கொடுத்த நான்கு திரும்பப் போனது, தவறான விடைக்கான ஒன்று கழிந்தது. முழு மதிப்பெண் பெற்றிருந்த 44 பேர் 715-க்கு இறங்கியது இப்படித்தான்.

தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு எழுதுபவர்களுக்கும் இந்த வலி பழக்கமானது. உத்தேச விடைக்குறிப்பு வெளிவந்த மறுநாளே 'இந்தக் கேள்விக்கு இரண்டு விடையும் சரியாயிற்றே' என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரை மதிப்பெண் இடைவெளியில் நிற்பவர்கள் ஏராளம். எனவே இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது அவசியம்.

## ஒரு தகவல் எதன் மேல் நிற்கிறது?

பொது அறிவு என்றால் மாறாத உண்மைகளின் தொகுப்பு என்று பள்ளியிலேயே பழகிவிடுகிறோம். உயரம் இவ்வளவு, எண்ணிக்கை இவ்வளவு, முதலில் செய்தவர் இவர் என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு தகவலும் கண்ணுக்குத் தெரியாத நான்கு கால்களில் நிற்கிறது:

1. தேதி. எந்த நாள் நிலவரப்படி இது உண்மை?
2. வரையறை. கேள்வியில் உள்ள சொல்லுக்கு யார் கொடுத்த பொருளை எடுத்துக்கொள்கிறோம்?
3. அளவு முறை. எங்கிருந்து எதுவரை, எந்தக் கருவியால் அளந்தது?
4. சான்று தருபவர். சட்டமா, அரசாணையா, அறிவியல் அமைப்பா, அல்லது வெறும் வழக்கமா?

வினா எழுதுபவர் இவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டால், தேர்வர் அதைத் தாமே ஊகித்துக்கொள்கிறார். இருவர் ஊகமும் ஒத்துப்போனால் மதிப்பெண், ஒத்துப்போகாவிட்டால் வழக்கு.

முதல் காலுக்கு எளிய உதாரணம் நம் மாநிலமே. 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32. கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, கடைசியாக மயிலாடுதுறை என்று சேர்ந்து 2020 முடிவதற்குள் 38 ஆயின. செம்மொழிகளின் கதை இன்னும் வேகமானது. 2004-இல் தமிழில் தொடங்கிய பட்டியல் சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா என்று ஆறாக வளர்ந்து, 2014-க்குப் பிறகு பத்தாண்டுகள் அப்படியே நின்றது. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை மராத்தி, வங்காளம், அசாமி, பாலி, பிராகிருதம் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் சேர்த்தது. அன்று காலை ஆறு, மாலையில் பதினொன்று. அதற்கு முன் அச்சான கையேடு எல்லாம் அந்த ஒரு வரியில் பழசாகிவிட்டது.

அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்ற கேள்வி இதைவிட மோசம். 2023 பிப்ரவரியில் 92 நிலவுகளுடன் வியாழன் முன்னிலைக்கு வந்தது. அப்போது சனிக்கு 83. அதே ஆண்டு மே மாதம் சனி 145 என்று தாண்டிப் போனது. 2025 மார்ச்சில் மேலும் 128 நிலவுகள் உறுதியாகி சனியின் கணக்கு 274 ஆனது. ஒரே ஆண்டில் சில மாத இடைவெளியில் சரியான விடை ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய கேள்வி இது. தேதி குறிப்பிடாமல் இதைக் கேட்கவே கூடாது.

## எவரெஸ்ட்: ஒரு மலை, ஐந்து உயரங்கள்

மூன்றாவது காலான அளவு முறையைப் புரிந்துகொள்ள எவரெஸ்டைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தக் கதை தொடங்குவது இமயமலையில் அன்று, சென்னையில்.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய், துணைக்கண்டம் முழுவதையும் அளந்துவிடுவது திட்டம். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்ற பள்ளிக்கூடக் கணிதம்தான் அடிப்படை. கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இருந்தது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் அதைக் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே சீர்செய்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த முக்கோணச் சங்கிலி அரை நூற்றாண்டு கழித்து இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. நூறு மைலுக்கும் அப்பால், சமவெளியில் நின்றுகொண்டு சிகரங்களைக் குறிபார்த்தார்கள். பதினைந்தாம் எண் சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று 1852-இல் கணக்கிட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணிதவியலர். 1856-இல் வெளியான உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். சங்கிலியையும் கோணங்களையும் மட்டுமே வைத்து, மலையின் அருகில் கூடப் போகாமல் கண்ட அளவு அது. இன்றைய அளவிலிருந்து அதன் விலகல் ஒன்பது மீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள் மேல் பெருமதிப்பு உண்டாகிறது.

அதற்குப் பிறகு வந்தவை:

1. 1955-இல் இந்திய நில அளவைத் துறை கொடுத்த 8,848 மீட்டர். நம் தலைமுறைகள் மனப்பாடம் செய்தது இதைத்தான்.
2. 1999-இல் செயற்கைக்கோள் கருவியைச் சிகரத்தில் வைத்து ஓர் அமெரிக்கக் குழு அறிவித்த 8,850 மீட்டர்.
3. 2005-இல் சீனா அறிவித்த 8,844.43 மீட்டர்.
4. 2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த 8,848.86 மீட்டர்.

இவற்றில் சீனாவின் 2005 அளவு குறைந்து போனதற்குக் காரணம் கருவிப் பிழை அன்று. சிகரத்தின் மேல் சில மீட்டர் கனத்துக்குப் பனி உறைந்திருக்கிறது. மலையின் உயரம் பாறையோடு முடிகிறதா, பனியோடு முடிகிறதா? சீனா பாறை என்றது, நேபாளம் பனி என்றது. அடிப்பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. 'கடல் மட்டத்திலிருந்து' என்கிறோம், எந்தக் கடல்? சீனாவின் கணக்கு மஞ்சள் கடலில் தொடங்கியது. இந்தியாவும் நேபாளமும் வங்காள விரிகுடாவிலிருந்து எண்ணின. பல்லாண்டுப் பேச்சுக்குப் பிறகுதான் இரு நாடுகளும் பனியையும் சேர்த்து ஒரே எண்ணுக்கு வந்தன.

ஒரு வினாத்தாளில் 8,848, 8,850, 8,844.43, 8,848.86 என்று நான்கு விடைகளைக் கொடுத்து 'எவரெஸ்டின் உயரம் என்ன?' என்று மட்டும் கேட்டால், நான்குக்கும் ஆதாரம் காட்ட முடியும். '2020-இல் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்தபடி' என்ற ஐந்து சொற்களைச் சேர்த்துவிட்டால் ஒன்றுதான் நிற்கும்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் 'உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட்' என்பதற்கே வரையறை தேவைப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளந்தால் ஹவாயின் மௌனா கியா. அதன் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது, மொத்தம் பத்தாயிரம் மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. பூமி நடுவில் சற்றே புடைத்திருப்பதால், 6,263 மீட்டர் உயரமே உள்ள அந்த மலையின் உச்சி எவரெஸ்டின் உச்சியைவிட மையத்திலிருந்து தொலைவில் இருக்கிறது.

## கோள்கள் எட்டா, ஒன்பதா?

வரையறை மாறினால் விடை மாறும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் புளூட்டோ. 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டு ஒன்பதாவது கோளாக இருந்தது. 2005-இல் ஈரிஸ் என்ற பொருள் கண்டறியப்பட்டது. அளவில் புளூட்டோவுக்கு நிகரானது. அதையும் கோள் என்றால், அதுபோல இன்னும் எத்தனை வருமோ தெரியாது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகளை வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் ஏறக்குறைய உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையை மற்றப் பொருள்கள் இல்லாமல் துடைத்து வைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. குறுங்கோள் ஆயிற்று.

பலரும் அறியாதது, இது முதல் முறை நடந்ததன்று என்பது. 1801-இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரிஸ் பல ஆண்டுகள் கோளாகவே எண்ணப்பட்டது. அதே வட்டாரத்தில் மேலும் மேலும் சிறு பொருள்கள் தென்படவே, பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுச் சிறுகோள் ஆனது. 2006-இல் புளூட்டோ இறங்கி வந்த அதே குறுங்கோள் வகைக்குச் சீரிஸ் உயர்ந்தது. வானத்தில் எதுவும் அசையவில்லை. பெயர் வைக்கும் முறைதான் மாறியது.

நமக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. கோயில் நவகிரக சன்னிதியில் ஒன்பது கிரகங்கள் இருக்கின்றன. அவற்றில் சூரியனும் சந்திரனும் உண்டு, ராகு கேதுவும் உண்டு, பூமி இல்லை. பூமியில் நிற்பவர் கண்ணுக்கு வானில் இடம்பெயர்வது எதுவோ அதை எண்ணிய மரபு அது. ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையைக் குறுக்கிடும் இரு புள்ளிகள். பஞ்சாங்கத்தின் ஒன்பதும் பாடநூலின் எட்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கேள்வி வேறு, வரையறை வேறு.

நதிகளிலும் இதே கதைதான். நைல் நீளமா, அமேசான் நீளமா என்பது ஊற்றுக்கண் எது, கழிமுகம் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது. பாடநூல்கள் நைல் என்கின்றன. 2007-இல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசான் என்றார்கள்.

## 'முதல்' என்ற சொல்லின் பொறி

போட்டித் தேர்வுகளில் அதிகம் புழங்குவதும் அதிகம் இடறுவதும் 'முதல்' என்ற சொல். இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் யார் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

1. 1773-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதவிக்கு வந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர் வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல்.
2. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அந்தப் பதவியின் பெயரை மாற்றியது. அதன்படி இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க்.
3. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு, சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன்.
4. 1948 ஜூனில் பொறுப்பேற்ற ராஜாஜி, அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே.

நான்கு பேரும் ஏதோ ஒரு வகையில் 'முதல்'. தமிழில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. 'முதல் இந்திய கவர்னர் ஜெனரல்' என்று எழுதினால், இந்தியாவுக்கு முதல் கவர்னர் ஜெனரலா, கவர்னர் ஜெனரலான முதல் இந்தியரா என்பது அந்தத் தொடரிலிருந்து தெரியாது. முன்னது பெண்டிங்க், பின்னது ராஜாஜி. 'இந்தியாவின் முதல்' என்றோ 'முதல் இந்தியர்' என்றோ பிரித்து எழுதினால் ஐயமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ஒரு வேற்றுமை உருபை விட்டதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

விளையாட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் யார்? 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி. ஜாதவ் என்று படித்திருப்போம். சுதந்திர இந்தியா என்று சொன்னால் அது முழுக்கச் சரி. ஆனால் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர் நார்மன் பிரிட்சார்ட் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளிகள் வென்றார். சர்வதேச ஒலிம்பிக் குழு அவற்றை இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. தடகள வரலாற்றாளர்களில் ஒரு சாரார் பிரிட்டனின் கணக்கில் எழுதுகிறார்கள்.

தனிநபர் தங்கம் என்றால் 2008-இல் அபினவ் பிந்த்ரா. 'ஒலிம்பிக்' என்ற சொல் அங்கே முக்கியம். பாராலிம்பிக்கில் 1972-லேயே முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றுவிட்டார். 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர் அவர். பிந்த்ராவுக்கு 36 ஆண்டுகள் முந்தைய அந்தத் தங்கத்தைப் பொது அறிவுப் புத்தகங்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் விட்டது பெரும் குறை.

விண்வெளிக்கும் ஒரு வரி: 1984 ஏப்ரலில் சென்ற ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர், 1997-இல் சென்ற கல்பனா சாவ்லா கர்னாலில் பிறந்த அமெரிக்கக் குடிமகள், 2025 ஜூனில் சென்ற சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் இந்தியர். 'இந்தியர்', 'இந்திய வம்சாவளியினர்' என்ற வேறுபாட்டைக் கேள்வி காட்டியே ஆக வேண்டும்.

## விடையே இல்லாத கேள்விகள்

சில கேள்விகளுக்கு நான்காவது கால், அதாவது சான்று, அறவே கிடையாது.

இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று பாடநூல்களே அச்சிட்டிருக்கின்றன. 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்ற விளையாட்டுக்கு அந்தப் பெருமை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012-இல் லக்னோவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதற்கான ஆணையைக் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. ஒரு சிறுமி கேட்கும்வரை ஆணை எங்கே என்று பெரியவர்கள் தேடவில்லை.

'இந்தியாவின் தேசிய மொழி எது?' என்பதும் இதே வகை. அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. எட்டாவது அட்டவணை 22 மொழிகளைப் பட்டியலிடுகிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் அரசியலமைப்பு குறிப்பிடவில்லை. அலுவல் மொழி என்பதும் தேசிய மொழி என்பதும் ஒன்றல்ல என்பதை மற்ற எவரையும்விடத் தமிழ் வாசகர்கள் நன்கறிவார்கள்.

நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் மட்டும் தெரியும் என்பதற்குச் சான்று தேடவே வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். சுவர் நீளமானதுதான், ஆனால் அகலம் சில மீட்டர். நிலவோ 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு தலைமுடியை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு இது சமம். 2003-இல் விண்வெளிக்குப் போன சீனாவின் முதல் வீரர் யாங் லிவெய், பூமிக்கு அருகிலான பாதையிலிருந்தே தமக்குச் சுவர் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னார்.

## வல்லுநர்களும் தவறலாம்: 48 குரோமோசோம்கள்

மேலே சொன்னவற்றில் எல்லாம் கேள்வியில் பிழை. விடையிலேயே, அதுவும் ஆய்வகத்திலேயே பிழை நேர்ந்த கதை ஒன்று உண்டு. 1923-இல் அமெரிக்க உயிரியலாளர் தியோபிலஸ் பெயிண்டர் மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று எண்ணிச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகப் பாடநூல்கள் அதையே எழுதின. நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று நூல் சிக்கல் போலக் கிடந்ததால் எண்ணுவது கடினம். எண்ணிப் பார்த்த பிற ஆய்வாளர்களும் 48 என்ற எதிர்பார்ப்போடுதான் எண்ணினார்கள்.

உப்புச்செறிவு குறைந்த கரைசலில் உயிரணுக்களை ஊறவைத்து உப்பச் செய்தால் குரோமோசோம்கள் விலகிப் பரவும் என்ற உத்தி பின்னர் வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் அதைக் கையாண்ட ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் தியோவும், ஆல்பர்ட் லெவானும் 1956-இல் 46 என்று வெளியிட்டார்கள். 1955-இல் தேர்வு எழுதி 46 என்று குறித்த மாணவர் யாராவது இருந்திருந்தால், அவர் உண்மையை எழுதி மதிப்பெண்ணை இழந்திருப்பார்.

## நீதிமன்றம் எங்கே நிற்கிறது?

அந்தக் கற்பனை மாணவருக்கு நீதிமன்றம் உதவுமா? 1983-இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைத் தந்தது. விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ள வேண்டும். அது தவறு என்பது வெளிப்படையாக நிரூபணமாக வேண்டும். நீண்ட தர்க்கத்தால் ஊகித்துச் சொல்வது போதாது. அந்தத் துறையை அறிந்த எவரும் அதைச் சரி என்று ஏற்கமாட்டார்கள் என்னும் அளவுக்குத் தவறு தெளிவாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் ஏற்கப்பட்ட பாடநூல்கள் மாணவர்கள் பக்கம் இருந்தன; மாணவர்கள் வென்றார்கள். விடைக்குறிப்பு வெளியிடப்பட்டதால்தான் பிழை தெரியவந்தது என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. இன்று தேர்வு முகமைகள் விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பதன் நியாயம் அங்கேயே இருக்கிறது.

பின்னர் உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு தொடர்பான ரண் விஜய் சிங் வழக்கில் நீதிமன்றம் மேலும் இறுக்கமான நிலையை எடுத்தது. ஐயம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே, நீதிபதிகள் தாமே விடைத்தாளைத் திருத்தும் வேலையில் இறங்கக்கூடாது என்றது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு என்றாவது முடிவுக்கு வர வேண்டும் என்ற கவலை புரிகிறது. ஆனாலும் வினாவை எழுதியவர் செய்த பிழையின் சுமை தேர்வு எழுதியவர் தலையில் விழுகிறது என்பது என் கருத்து. அதனால்தான் நீதிமன்றத்துக்கு முந்தைய கட்டம், ஆட்சேபம் தெரிவிக்கும் அந்தச் சில நாட்கள், மிக மிக முக்கியம்.

## ஆட்சேபம் எழுதுவது எப்படி?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டபின் பொதுவாக ஏழு நாட்கள் தருகிறது. இணையவழியில் சான்றுடன் பதிவு செய்ய வேண்டும். 'இந்த விடை தவறு' என்ற ஒற்றை வரி எங்கும் போய்ச் சேராது.

1. தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட வேண்டும். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று வினாத்தொகுப்பின் அறிவுரையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பில் பிழை என்றால் அதைத் தனியாகச் சுட்ட வேண்டும்.
2. நான்கு கால்களில் எது இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: தேதியா, வரையறையா, அளவு முறையா, சான்றா.
3. சான்று எவ்வளவு மூலத்துக்கு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வலு. சட்டப் பிரிவு, அரசாணை, அரசுப் பாடநூல் என்ற வரிசையில் தேடலாம். பாடநூல் என்றால் வகுப்பு, பதிப்பு ஆண்டு, பக்க எண் மூன்றும் வேண்டும். நீட் வழக்கில் எல்லாமே பதிப்பு ஆண்டில்தான் தொங்கியது. பயிற்சி மையக் கையேட்டை நம்பிப் போக வேண்டாம்.
4. எது சரியான விடை, அல்லது எந்த இரண்டையும் ஏற்க வேண்டும் என்று முடிவாகக் கேட்க வேண்டும்.

தேர்வுக்கூடத்திலேயே இரண்டு விடைகள் சரி என்று தோன்றினால், ஓ.எம்.ஆர். தாளில் உள்ள 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கிவிட வேண்டாம். பின்னால் இரண்டு விடைகளையும் ஏற்றாலும் அந்த வட்டத்துக்கு மதிப்பெண் வராது. பாடநூல் எந்த விடையைச் சொல்கிறதோ அதைக் குறித்துவிட்டு, கேள்வி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வருவது நல்லது.

மேலே பார்த்த கவர்னர் ஜெனரல் கேள்வி வந்து, விடைக்குறிப்பு ராஜாஜி என்று இருந்தால், பெண்டிங்க் என்று எழுதியவரின் ஆட்சேபம் இப்படி அமையலாம்:

'வினாவில் "முதல் இந்திய கவர்னர் ஜெனரல்" என்ற தொடர் இரு பொருள் தருகிறது. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தால் உருவான "இந்தியாவின் கவர்னர் ஜெனரல்" பதவியை முதலில் வகித்தவர் வில்லியம் பெண்டிங்க். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் ராஜாஜி. ஆங்கில வடிவத்திலும் இந்த வேறுபாடு தெளிவாக்கப்படவில்லை. பாடநூலின் உரிய பக்கம் பதிப்பு ஆண்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு விடைகளையும் ஏற்க வேண்டுகிறேன்.'